மறுக்கலாம், கைவிடக் கூடாது: செவிலியரின் மனசாட்சிக்கு எல்லை எது?

2012 அக்டோபர் 21ஆம் தேதி, அயர்லாந்தின் கால்வே பல்கலைக்கழக மருத்துவமனைக்கு முதுகுவலியோடு வந்தார் சவிதா ஹலப்பனவர். வயது 31. கர்நாடகத்தின் பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவர். வயிற்றில் 17 வாரக் கரு. அது தங்காது என்பது மருத்துவர்களுக்கு விரைவிலேயே தெரிந்துவிட்டது. எப்படியும் கலையப்போகும் கருவை அகற்றிவிடுங்கள் என்று சவிதா கேட்டார். கருவின் இதயம் துடித்துக்கொண்டிருந்ததால் நாட்டின் சட்டம் இடம் தராது என்று சொல்லிவிட்டார்கள். தொற்று ரத்தத்தில் பரவியது. 28ஆம் தேதி அவர் இறந்துபோனார்.

அடுத்த ஏப்ரலில் கால்வேயில் மரண விசாரணை நடந்தது. மேற்பார்வைப் பொறுப்பில் இருந்த செவிலியர் ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். இது கத்தோலிக்க நாடு என்று சவிதாவிடம் தான் சொன்னது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். சட்டம் ஏன் இப்படி இருக்கிறது என்பதை விளக்கவே அதைச் சொன்னதாகவும், அது புண்படுத்தும் விதமாகப் போய்ச் சேர்ந்ததற்கு வருந்துவதாகவும் கூறினார்.

உலகப் பத்திரிகைகள் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டன. விசாரணை அறிக்கைகள் அதைவிட ஆழமாகத் தோண்டின. அயர்லாந்தின் பொதுச் சுகாதார நிர்வாகம் அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர், லண்டனில் பணியாற்றிய இலங்கைத் தமிழரான மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் சபாரத்தினம் அருள்குமரன். 2013 ஜூனில் வெளியான அக்குழுவின் அறிக்கை, நோயாளியைச் சரிவரக் கண்காணிக்காததை முதன்மைக் குறையாகச் சுட்டியது. சிகிச்சைக்கு உள்ள எல்லா வழிகளையும் அவர் முன் வைக்காததையும் குறித்தது. சட்டம் பற்றிய குழப்பம் மருத்துவர்களின் முடிவைப் பாதித்ததையும் அது மறைக்கவில்லை. அக்டோபரில் வந்த சுகாதாரத் தர ஆணையத்தின் அறிக்கை, சவிதாவைக் காப்பாற்றக் கிடைத்துத் தவறவிட்ட 13 வாய்ப்புகளைப் பட்டியலிட்டது. முதல் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் கூடியிருந்தன. அந்த முடிவை யாரும் உரிய நேரத்தில் பின்தொடரவில்லை. பனிக்குடம் உடைந்த பிறகு வெப்பநிலை, நாடித்துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம் ஆகியவற்றை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை குறித்திருக்க வேண்டும். அதுவும் ஒழுங்காக நடக்கவில்லை.

செவிலியரின் நம்பிக்கை, பணிக்கடமை என்ற விவாதத்தில் மறுப்பையும் கவனக்குறைவையும் பிரித்துப் பார்ப்பதே முதல் தேவை. கருவை அகற்ற மாட்டோம் என்பது ஒரு மறுப்பு. அதைச் சட்டம் விதித்திருந்தது. நாடி பார்ப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை, எந்த மதமும் தடுக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட செயலிலிருந்து விலகி நிற்கும் உரிமை செவிலியருக்கு இருக்க வேண்டும். நோயாளியிடமிருந்து விலகி நிற்கும் உரிமை எவருக்கும் இல்லை. இந்தக் கோட்டை உலக நாடுகள் எப்படி வரைந்திருக்கின்றன, இந்தியா அதை வரையாமலே விட்டதால் என்ன நேர்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நம்பிக்கையிலிருந்து பிறந்த தொழில்

செவிலியப் பணிக்குப் பின்னால் மத நம்பிக்கையின் நெடிய வரலாறு இருக்கிறது. 1854இல் கிரீமியப் போருக்கு ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அழைத்துச் சென்ற 38 பெண்களில் கத்தோலிக்கக் கன்னியர் இருந்தார்கள், ஆங்கிலிகன் சபைச் சகோதரிகளும் இருந்தார்கள். காயம்பட்ட வீரரின் படுக்கையருகே மதமாற்றம் நடக்குமோ என்ற அச்சம் இங்கிலாந்தில் அப்போதே எழுந்தது. நைட்டிங்கேல் ஆழ்ந்த இறைநம்பிக்கை உடையவர். ஆனால் 1860இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் தொடங்கிய பயிற்சிப் பள்ளி எந்தச் சபையையும் சாராமல் நடந்தது.

தமிழகத்திலும் இதே கதைதான். வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் தொடங்கிய செவிலியர் பயிற்சிப் பள்ளி, சமயப் பற்றில் முளைத்த நிறுவனம். 1946இல் செவிலியர் பட்டப்படிப்பு டெல்லியோடு வேலூரிலும் தொடங்கியது. இன்றும் நம் ஊர்களில் நர்ஸைச் ‘சிஸ்டர்’ என்றே அழைக்கிறோம்.

ஆகவே நம்பிக்கையை மருத்துவமனை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போ என்று செவிலியரிடம் சொல்வது எளிது, நியாயமாகாது. இரவு இரண்டு மணிக்கு மலம் துடைக்கவும், மூன்று மணிக்கு இறந்தவரின் கண்களை மூடவும், அதற்குப் பின் அடுத்த படுக்கைக்காரரிடம் முகம் சுளிக்காமல் பேசவும் ஒருவருக்கு வலு தருவது பல நேரம் அந்த நம்பிக்கைதான். அந்த நம்பிக்கைக்கு எந்த இடத்தில் அதிகாரம் உண்டு, எந்த இடத்தில் இல்லை என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கிளாஸ்கோ வழக்கு

அந்த முடிவை மிகத் தெளிவாக எழுதியது பிரிட்டன். அந்நாட்டின் 1967ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, மனசாட்சி இடம் தராதவர் கருக்கலைப்புச் சிகிச்சையில் பங்கெடுக்கத் தேவையில்லை என்கிறது. அதே பிரிவு உடனே ஒரு வரம்பும் வைக்கிறது. பெண்ணின் உயிரைக் காக்கவோ, அவர் உடலுக்கோ மனத்துக்கோ நிரந்தரமான கடும் பாதிப்பு நேராமல் தடுக்கவோ சிகிச்சை தேவைப்படும்போது இந்த விலக்கு செல்லாது.

‘பங்கெடுப்பது’ என்றால் எதுவரை? கிளாஸ்கோவின் சதர்ன் பொது மருத்துவமனையில் பிரசவ வார்டின் ஒருங்கிணைப்பாளர்களாக இருந்த இரண்டு கத்தோலிக்க மகப்பேற்றுச் செவிலியர்கள் இந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். கருக்கலைப்பில் நேரடியாக ஈடுபட வேண்டாம் என்ற விலக்கு அவர்களுக்கு ஏற்கெனவே இருந்தது. நகரின் இன்னொரு மகப்பேறு மருத்துவமனை 2010இல் மூடப்பட்டதும் இவர்கள் வார்டுக்கு அத்தகைய நோயாளிகள் கூடுதலாக வந்தார்கள். அந்தச் சிகிச்சைக்கு வேறு செவிலியரை டூட்டிக்கு நியமிப்பதும், அவர்களை மேற்பார்வையிடுவதும், அவர்களுக்குத் துணை நிற்பதும்கூடத் தங்கள் மனசாட்சிக்கு எதிரானது என்றார்கள். 2012இல் தோற்றார்கள். 2013இல் மேல்முறையீட்டில் வென்றார்கள். 2014 டிசம்பர் 17இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஐந்து நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பால் அவர்களுக்கு எதிராக முடிவு சொன்னது.

தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹேல், கைப்பட ஈடுபடும் செயலையே சட்டம் குறிப்பதாகச் சொன்னார். பிரசவ வலியைத் தூண்டும் மருந்தைக் கொடுப்பதில் தொடங்கி, கருவும் நஞ்சுக்கொடியும் வெளியேறுவது வரை உள்ள சிகிச்சை அதற்குள் அடங்கும். டூட்டி பிரிப்பது, படுக்கை ஒதுக்குவது, பொதுவான மேற்பார்வை போன்ற நிர்வாக வேலைகள் அடங்கா. இல்லாவிட்டால் நோயாளிக்கு உணவு தருபவரும் அறையைக் கூட்டித் துடைப்பவரும்கூட விலக்குக் கேட்கலாம் என்று அவர் சுட்டினார். இதே தீர்ப்பில் இன்னொரு கருத்தும் உண்டு, அதுதான் செவிலியருக்கு முக்கியமானது. மறுப்பவர், மறுப்பு இல்லாத இன்னொரு பணியாளரிடம் நோயாளியை ஒப்படைத்தாக வேண்டும். நோயாளியைப் பேணும் கடமையிலிருந்து தவிர்க்க முடியாமல் பிறப்பது இந்தப் பொறுப்பு.

அந்த இரு செவிலியரின் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு செயலைப் பாவம் என்று உளமாற நம்பும் ஒருவருக்கு, அதை இன்னொருவரைக் கொண்டு செய்விப்பதும் பாவமாகவே தோன்றும். ஆனால் வார்டில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று ஒழுங்கு செய்பவரே ஒதுங்கினால், அந்த இடைவெளி போய் விழுவது படுக்கையில் கிடக்கும் பெண்ணின் தலையில். மனசாட்சியின் விலையை அதை உடையவர் சுமக்கலாம், நோயாளியின் தலையில் ஏற்றக் கூடாது. தீர்ப்பின் சாரம் அதுதான். அது சரியான சாரம்.

இரு துருவங்கள்

ஸ்வீடன் ஒரு துருவத்தில் நிற்கிறது. அங்கே மகப்பேற்றுச் செவிலியர் கருக்கலைப்பில் உதவுவது பணியின் பகுதி, விலக்குக்குச் சட்டமே இல்லை. மறுத்ததால் வேலை கிடைக்காத இரு செவிலியர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை அணுகினார்கள். 2020இல் அந்த நீதிமன்றம் அவர்கள் மனுக்களை ஏற்கவில்லை. அவர்களது மதச் சுதந்திரத்தில் அரசு குறுக்கிட்டது உண்மை என்று ஒப்புக்கொண்டது. நாடெங்கும் பெண்களுக்குச் சிகிச்சை தடையின்றிக் கிடைக்கச் செய்யும் பொறுப்பு அரசுக்கு இருப்பதால், அந்தக் குறுக்கீடு அளவுக்கு உட்பட்டதே என்றும் சொன்னது.

இத்தாலி எதிர்த் துருவம். 1978ஆம் ஆண்டின் 194ஆம் எண் சட்டம் மருத்துவருக்கும் செவிலியருக்கும் தாராளமாக விலக்குத் தருகிறது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நோயாளியைக் கவனிப்பதற்கு அந்த விலக்குப் பொருந்தாது என்றும் எழுதியிருக்கிறது. ஆனால் மகப்பேறு மருத்துவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மறுப்பாளராகப் பதிவு செய்திருக்கும் நாட்டில், சில வட்டாரங்களில் சிகிச்சை கிடைப்பதே அரிதாகிவிட்டது. மறுக்காத சிலர்மேல் வேலை முழுதும் குவிந்தது.

இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைத் தேர்ந்தது சவிதாவை இழந்த அயர்லாந்து. 2018 மே 25இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் 66.4 விழுக்காட்டினர் பழைய தடையை நீக்க வாக்களித்தார்கள். அதே ஆண்டு வந்த புதிய சட்டத்தின் 22ஆம் பிரிவு மருத்துவர், செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் மூவருக்கும் மறுப்புரிமை தருகிறது. மறுப்பவர் கூடிய விரைவில் நோயாளியை வேறொருவரிடம் மாற்றிவிட ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் ஆணையிடுகிறது. உயிருக்கு ஆபத்தான அவசர நிலையில் மறுப்புரிமை இல்லை. உலகச் செவிலியர் கவுன்சிலின் நெறித்தொகுப்பும் 2021இல் திருத்தப்பட்டபோது இதையே சொன்னது. குறிப்பிட்ட செயல்முறையில் பங்கெடுக்க மறுக்கலாம், நோயாளிக்கு மரியாதையோடும் உரிய நேரத்திலும் பராமரிப்புக் கிடைக்க வழி செய்தாக வேண்டும்.

படுக்கையருகே ஒரு சொல்

செய்ய மறுப்பது ஒருபுறம் இருக்க, நம்பிக்கையைச் சொல்லாக நோயாளிமேல் வைப்பது இன்னொரு சிக்கல். இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில், அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனைப் பிரிவில் பணியாற்றிய ஒரு செவிலியர் நோயாளிகளிடம் மதம் பேசுவதாகப் புகார்கள் வந்தன. பிரார்த்தித்தால் பிழைக்கும் வாய்ப்புக் கூடும் என்று புற்றுநோயாளி ஒருவரிடம் சொன்னதும் அவற்றுள் ஒன்று. அப்படிப் பேசக் கூடாது என்று அறிவுறுத்தியும் புகார்கள் நிற்கவில்லை. 2016இல் அவரைப் பணிநீக்கம் செய்தார்கள். 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீக்கம் நியாயமானது என்றது. அவர் மீண்டும் செவிலியராகப் பணியாற்ற அதற்கு முன்பே அனுமதி கிடைத்திருந்தது. நம்பிக்கைக்காக அவரைத் தொழிலை விட்டே விரட்டவில்லை என்பதையும் சேர்த்துத்தான் இந்த வழக்கைப் படிக்க வேண்டும்.

நோயாளி கேட்டுக்கொண்டால் அவரோடு சேர்ந்து கைகூப்புவது கருணை. கேளாமல் வைக்கும் அறிவுரை வேறு. மறுநாள் காலை ஆபரேஷன் தியேட்டருக்குப் போகவிருப்பவர் ஊசி போட வந்தவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லத் துணிய மாட்டார். அந்த அச்சம் இருக்கும்வரை அவரது தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

செயலை மறுப்பதும் ஆளை மறுப்பதும்

மனசாட்சி என்ற பெயரில் வெறும் வெறுப்பும் உள்ளே நுழைந்துவிடும். அதைப் பிரித்தறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது: யார் வந்து கேட்டாலும் இந்தச் செயலை நான் செய்ய மாட்டேனா, அல்லது இந்த ஆளுக்கு மட்டும் செய்ய மாட்டேனா?

1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. அதன்பின் நீண்ட காலம் நாடெங்கும் எச்.ஐ.வி. நோயாளிகள் தொடப்படாமல், சேர்க்கப்படாமல், வார்டின் கோடியில் ஒதுக்கப்பட்டார்கள். தொற்று பற்றிய பயத்தோடு ஒழுக்கம் பற்றிய தீர்ப்பும் அதில் கலந்திருந்தது. அது மனசாட்சியின் மறுப்பாக இருந்ததில்லை, ஆள்மீதான மறுப்பு. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டமும் 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைச் சட்டமும் மருத்துவ சேவையில் பாகுபாட்டைத் தடை செய்கின்றன. சாதி, மதம், பொருளாதார நிலை எதையும் பாராமல் பராமரிக்க வேண்டும் என்று இந்தியச் செவிலியர் கவுன்சிலின் நெறிமுறையும் கேட்கிறது. இந்தப் பக்கத்தில் சமரசத்துக்கு இடமில்லை.

எழுதப்படாத இந்திய மறுப்பு

செயல்மீதான மறுப்பைப் பற்றி இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது? 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 2021இல் விரிவாகத் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். குறிப்பிட்ட பிரிவினருக்கு 24 வாரம் வரை இரு மருத்துவரின் கருத்து வேண்டும். 18 வயது நிரம்பிய பெண்ணின் ஒப்புதல் மட்டுமே தேவை. கணவர் கையெழுத்தையோ பெற்றோர் கையெழுத்தையோ சட்டம் கேட்கவில்லை. நோயாளியின் விவரத்தை வெளியிட்டால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இத்தனையும் எழுதிய சட்டத்தில், மனசாட்சி மறுப்பு பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

வரி இல்லாததால் மறுப்பு இல்லாமல் போய்விடவில்லை, அது மாறுவேடத்தில் வருகிறது. ‘வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா’ என்ற சொல்லாக வருகிறது. ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ என்று நாலு பேர் காதில் விழக் கேட்கும் கேள்வியாக வருகிறது. நாளை வா, டாக்டர் இல்லை, படுக்கை இல்லை என்ற இழுத்தடிப்பாக வருகிறது. 2022 செப்டம்பர் 29இல், திருமணமாகாத பெண்ணுக்கும் 24 வார வரம்பு பொருந்தும் என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சட்டத்தில் இல்லாத குடும்ப ஒப்புதலையும் ஆவணங்களையும் மருத்துவத் தரப்புக் கேட்பதைக் கண்டித்தது. நேரே ‘எனக்கு இதில் உடன்பாடில்லை, வேறு ஒருவர் உங்களைப் பார்ப்பார்’ என்று சொல்ல இடமில்லாத அமைப்பில், அந்த உடன்பாடின்மை நோயாளியைத் தண்டிக்கும் வழியைத் தேடிக்கொள்கிறது.

பாதிக்கப்படுவது நோயாளி மட்டுமல்ல. உண்மையான மனத்தடை உடைய இளம் ஸ்டாஃப் நர்ஸ் அதை யாரிடம் சொல்வார்? டாக்டர் சொன்னதைச் செய் என்பதே நம் மருத்துவமனைகளின் எழுதாத விதி. நைட் டூட்டியில் வார்டு முழுமைக்கும் ஒருவரே இருக்கும் இடத்தில் ‘வேறொருவரிடம் ஒப்படைப்பது’ என்ற பேச்சுக்கே பொருளில்லை. ஆள் பற்றாக்குறை இருக்கும்வரை மனசாட்சி வசதியுள்ள மருத்துவமனைக்கு மட்டுமே கட்டுப்படியாகும் சலுகையாக இருக்கும். எனவே இது செவிலியரின் தனிப்பட்ட பண்பு பற்றிய கேள்வியாக முடிந்துவிடுவதில்லை, டூட்டி ரோஸ்டர் எழுதும் நிர்வாகத்தின் கேள்வியும்கூட.

அருணாவின் படுக்கை

நம்பிக்கை எப்போதும் மறுப்பாகவே வெளிப்படும் என்பதும் சரியல்ல. மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27இல் அங்கேயே துப்புரவுப் பணியாளர் ஒருவரால் கொடூரமாகத் தாக்கப்பட்டு மூளை பாதிக்கப்பட்டார். 2015 மே 18இல் இறக்கும்வரை ஏறத்தாழ 42 ஆண்டுகள் அவரைப் பேணியவர்கள் அந்த மருத்துவமனைச் செவிலியர்கள். முன்பின் அறியாத இளையவர்கள்கூடத் தலைமுறை தலைமுறையாக அந்தப் பொறுப்பை ஏற்றார்கள். 1980களில் அவரை வேறிடத்துக்கு மாற்ற நிர்வாகம் முயன்றபோது போராடித் தடுத்தார்கள்.

அருணாவுக்கு உணவு கொடுப்பதை நிறுத்தி அவரை இறக்க விட வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் போனபோது செவிலியர் கடுமையாக எதிர்த்தார்கள். 2011 மார்ச் 7இல் வந்த தீர்ப்பு அவர்கள் சேவையைப் போற்றியது. அருணாவுக்காகப் பேசும் தகுதி அந்த மருத்துவமனைப் பணியாளருக்கே உண்டு என்றது. அருணா என்ன விரும்பியிருப்பார் என்று அறிய வழியே இல்லாத நிலையில் அது நியாயமான முடிவு.

இன்று நிலைமை வேறு. 2018 மார்ச் 9இல் ஐவர் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறி, சிகிச்சை பற்றிய விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை ஏற்றது. 2023இல் அதற்கான நடைமுறை எளிதாக்கப்பட்டது. செயற்கைச் சுவாசம் வேண்டாம் என்று முறைப்படி எழுதி வைத்த ஒருவரின் படுக்கையருகே, உயிரை எப்படியாவது நீட்டிப்பதே தர்மம் என்று நம்பும் செவிலியர் நிற்க நேரலாம். அந்தக் கருவியை நிறுத்தும் செயலிலிருந்து அவர் விலகிக்கொள்ளலாம். நோயாளியின் விருப்பத்தை மாற்றிவிட முடியாது. உதடு நனைப்பதும், வலி மருந்து தருவதும், புரட்டிப் படுக்க வைப்பதும் அவர் கடமையாகவே நீடிக்கும். கே.ஈ.எம். செவிலியரின் அர்ப்பணிப்பை வணங்குவோம். அந்த அர்ப்பணிப்பும்கூட நோயாளியின் சொல்லுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

எழுத வேண்டிய நான்கு விதிகள்

2023இல் நாடாளுமன்றம் தேசியச் செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்கீழ் நெறிமுறைக்கும் பதிவுக்கும் தனி வாரியமே உண்டு. 1947 முதல் இருந்த கட்டமைப்பு மாறும் இந்த வேளை, விடுபட்டதை எழுதச் சரியான வேளை.

முதல் விதி, மறுப்பு செயலின்மீது மட்டுமே இருக்கலாம், ஆளின்மீது இருக்கக் கூடாது. இரண்டாவது, மறுப்பைப் பணியில் சேரும்போதோ ரோஸ்டர் போடும்போதோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும், நோயாளி மேசையில் படுத்த பிறகு தெரிவிக்கக் கூடாது. அப்படித் தெரிவித்தவரை இடமாற்றியோ பதவி உயர்வை நிறுத்தியோ பழிவாங்கக் கூடாது. மூன்றாவது, மாற்று ஆளை நிறுத்துவது நிர்வாகத்தின் பொறுப்பு, ஆள் வந்து சேரும்வரை நோயாளியோடு இருப்பது மறுப்பவரின் பொறுப்பு. நான்காவது, உயிர் ஆபத்திலும், முன்னும் பின்னும் தரும் அன்றாடப் பராமரிப்பிலும் மறுப்புக்கு இடமே இல்லை.

இவை செவிலியர் கல்லூரிப் பாடத்திலும் இடம்பெற வேண்டும். நெறிமுறை என்றால் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பட்டியல் என்ற நிலை மாறி, ‘இதை என்னால் செய்ய முடியாது, ஆனால் உங்களை விட்டுப் போக மாட்டேன்’ என்று நோயாளியிடம் சொல்லும் பயிற்சி மாணவியருக்குக் கிடைக்க வேண்டும்.

எழுதாமல் விட்டதால் நம் மருத்துவமனைகளில் மறுப்பு குறையவில்லை, பொறுப்புதான் குறைந்தது. மறுப்புரிமையை வெளிச்சத்தில் எழுதிக் கொடுங்கள். அதன் எல்லையையும் அதே தாளில் எழுதுங்கள். செவிலியருக்கும் நோயாளிக்கும் ஒரே நேரத்தில் நீதி செய்ய இதைத் தவிர வேறு வழியில்லை.